கையும் வாசிப்பும் ஒரே மேசையில்: காட்சிக்கலைப் பட்டப்படிப்பு உள்ளே எப்படி நடக்கிறது

மலேசியத் தகுதி முகமையின் கணக்கில் ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேரக் கற்றல். 4 கிரெடிட் உள்ள ஸ்டூடியோப் பாடம் ஒன்றுக்கு 160 மணி நேரம் ஆகிறது. 14 வாரப் பருவத்துக்கு அதைப் பங்கிட்டால் வாரத்துக்குப் பதினோரு மணி நேரத்துக்கும் மேல் வரும். கால அட்டவணையில் தெரிவதோ அதில் ஒரு பகுதிதான். மீதி நேரத்தில் என்ன நடக்கிறது என்பது தெரியாததால்தான், "படம் வரையத்தானே போகிறாய், அதற்கு எதற்குப் பல்கலைக்கழகம்?" என்ற கேள்வி நம் வீடுகளில் எழுகிறது. கேட்பவர்கள்மேல் குற்றமில்லை. படிப்பை நடத்துகிறவர்கள் அதை வெளியே சரியாகச் சொன்னதில்லை.

சொல்ல வேண்டியது இதுதான். இந்தப் படிப்பில் செய்முறையும் கோட்பாடும் இரண்டு பாதிகளாக இல்லை. ஸ்டூடியோவில் எழும் கேள்விக்கு நூலகத்தில் விடை தேடுவதும், நூலகத்தில் படித்ததை ஸ்டூடியோவில் சோதித்துப் பார்ப்பதும் ஒரே வேலை. கோட்பாட்டைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிட்டு, ஓவியத்தைக் கைத்திறனாக மட்டும் வைத்துக்கொள்ளும் மாணவர், எவ்வளவு நன்றாக வரைந்தாலும், இரண்டாம் ஆண்டில் தடுமாறுவார்.

பினாங்கில் இதற்கான இடம் கெலுகோர் மிண்டன் வளாகத்தில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கலைப்பள்ளி. பெயரில் அறிவியல் இருப்பதால் அங்கே ஓவியமும் சிற்பமும் கற்பிக்கப்படுவது பலருக்குத் தெரிவதில்லை. தென்கிழக்காசிய நவீனக் கலை வரலாற்றை எழுதியவர்களில் முதன்மையானவரான டி.கே. சபாபதி 1970களில் அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் கற்பித்தார். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் படைப்புக்கலைப் புலம் இருக்கிறது. ஷா ஆலமில் உள்ள மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கலைப்பள்ளி, 1967இல் தொடங்கியது, நாட்டின் பழைய கலைப்பள்ளிகளில் ஒன்று. ஆனால் அது பூமிபுத்ரா (மலாய்க்காரர், பூர்வகுடியினர்) மாணவர்களுக்கானது. ஆகவே தமிழ் மாணவர்கள் விண்ணப்பப் பட்டியலை நிரப்பும் முன்பே இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நுழைவும் படைப்புத் தொகுப்பும்

எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவ இறுதித் தேர்வு) மதிப்பெண், மெட்ரிகுலேஷன் அல்லது டிப்ளோமா எதுவாக இருந்தாலும், கலைப் படிப்புக்கு நேர்முகத் தேர்வும் படைப்புத் தொகுப்பும் வழக்கமாகக் கேட்கப்படும். இங்கேதான் நம் பிள்ளைகள் பலர் வழுக்குகிறார்கள். நடிகர் படத்தையும் சாமி படத்தையும் பென்சிலால் அச்சு அசலாகப் பெயர்த்து, அதில் இருபதை உறையில் போட்டுக் கொண்டு போகிறார்கள். பொறுமையும் கைத்திறனும் அதில் தெரியும். பார்க்கும் திறன் தெரியாது. படத்தைப் பார்த்துப் பெயர்க்கும்போது முப்பரிமாணத்தைத் தட்டையாக்கும் கடினமான வேலையை காமிரா ஏற்கெனவே முடித்துக் கொடுத்துவிட்டது. தேர்வுக்குழு பார்க்க விரும்புவது அந்த வேலையைத்தான்.

15 முதல் 20 படைப்புகள் போதும். அவற்றில் பாதியாவது நேரில் பார்த்து வரைந்தவையாக இருக்கட்டும்: அடுப்பங்கரை மேசை, கோப்பிக்கடை நாற்காலிகள், உறங்கும் தாத்தா, பேருந்து நிறுத்தம். கூடவே குறிப்பேடு ஒன்றைக் கிழிக்காமல், தோற்ற பக்கங்களோடு கொண்டு போக வேண்டும். ஒரே பொருளை ஐந்து விதமாக முயன்ற பக்கம், அழகாக முடிந்த ஒரு படத்தைவிட அதிகம் பேசும். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டால் இரண்டு வாக்கியத்தில் மலாயிலோ ஆங்கிலத்திலோ சொல்லப் பழகியிருக்க வேண்டும். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவர்கள் இதைக் கண்ணாடி முன்னால் நின்றாவது ஒத்திகை பார்த்துக்கொள்வது நல்லது.

முதலாண்டு: கண்ணைத் திருத்துவது

முதலாண்டின் பெரும்பகுதி கோட்டோவியம். கரி, ஏ2 தாள், நின்று வரையும் பலகை. தாளைப் பார்க்காமல் பொருளின் விளிம்பைக் கண்ணால் மெல்லத் தொடர்ந்து கையை ஓட்டுவது ஒரு பயிற்சி. நாற்காலியை வரையாமல், அதன் கால்களுக்கு நடுவே தெரியும் வெற்றிடங்களை மட்டும் வரைவது இன்னொன்று. வெள்ளையிலிருந்து கருப்பு வரை 9 படிகளைச் சமமான இடைவெளியில் நிரப்புவது மூன்றாவது. முதல் முயற்சியில் நடுப்படிகள் மூன்றும் ஒன்றுபோல் ஆகிவிடும். மனம் "இது நாற்காலி" என்று பெயர் வைத்தவுடன் கண் பார்ப்பதை நிறுத்திவிடுகிறது. தெரிந்த நாற்காலி தாளில் வருகிறது; எதிரில் உள்ள நாற்காலி வருவதில்லை. இந்தப் பயிற்சிகள் எல்லாம் அந்தப் பெயரைத் தள்ளிவைக்கத்தான்.

மனித உருவ வகுப்பில் பெரும்பாலும் உடையணிந்தவர்தான் அமர்வார். ஒரு நிமிடத்தில் வரைவதிலிருந்து அரை மணி நேரம் வரைவது வரை கால அளவு மாறும். கைப்பேசியில் படமெடுத்து வீட்டில் முடிக்கலாம் என்று நினைப்பவர்களின் தாள் உடனே காட்டிக்கொடுத்துவிடும். அருகில் இருந்து எடுத்த படத்தில் முழங்கால் பெருத்துத் தலை சிறுத்திருக்கும். நிழல்கள் ஒரே கருப்பாக அடைத்திருக்கும். அந்தக் கருப்புக்குள் என்ன இருந்தது என்பதை வீட்டில் கண்டுபிடிக்க வழியில்லை.

பொருள்களும் பினாங்கின் ஈரமும்

ஸ்டூடியோப் பாடம் என்பது பாதி பொருளறிவு. பாடநூல்கள் பல குளிர்நாட்டில் எழுதப்பட்டவை. இந்தத் தீவின் ஈரப்பதத்தில் அவற்றின் சமையல்குறிப்பு அப்படியே வேலை செய்யாது.

பட்டுத்திரை அச்சை (ஸ்க்ரீன் பிரிண்டிங்) எடுத்துக்கொள்வோம். நைலான் அல்லது பாலியெஸ்டர் வலையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, இருபுறமும் ஒளியுணர் பசையை மெல்லிதாகப் பூச வேண்டும். தாளில் அச்சிட 77டி முதல் 120டி வரையுள்ள வலை, துணிக்கு 43டி போன்ற அகலக்கண் வலை (எண் என்பது ஒரு சென்டிமீட்டரில் உள்ள இழைகள்). பூசிய திரையை இருட்டில், அச்சுப்பக்கம் கீழே இருக்கும்படி படுக்க வைத்து உலர்த்தி, கருப்பு மையால் வரைந்த ஒளிபுகும் தாளை அதன்மேல் வைத்துப் புற ஊதா விளக்கில் காட்டுவார்கள். ஒளி பட்ட பசை இறுகும். கருப்பின் அடியில் இருந்த பசை தண்ணீரில் கரைந்து வழி விடும்.

மழைக்காலத்தில் இங்கே ஒரு பிழை திரும்பத் திரும்ப நடக்கிறது. விரலால் தொட்டால் பசை காய்ந்தது போலிருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். ஈரமான பசை ஒளி பட்டாலும் முழுதாக இறுகாது. கழுவும்போது கோட்டின் ஓரங்கள் பிய்ந்து வழவழவென்று ஒழுகும். ஒளி போதவில்லை என்று மாணவர் நேரத்தைக் கூட்டுவார். அப்போது ஒளி கருப்புக் கோட்டின் ஓரத்துக்குள் புகுந்து மெல்லிய கோடுகளை அடைத்துவிடும். இப்படிக் கூட்டியும் குறைத்தும் ஒரு வாரம் போகும். தீர்வு விளக்கில் இல்லை. உலர்த்தும் அறையின் ஈரப்பதத்தை 50 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டு வந்து, மின்விசிறி போட்டு, ஓர் இரவு முழுக்க விட வேண்டும். ஈரப்பத அளவி ஒன்றை அறையில் மாட்டினாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

பாத்தேக் ஓவியம் பினாங்கின் சொந்தச் செல்வம். சீனாவின் ஃபூஜியனில் பிறந்து இந்தத் தீவில் வாழ்ந்த சுவா தியான் தெங், 1950களில் துணி அலங்காரத் தொழில்நுட்பமாக இருந்த பாத்தேக்கை நவீன ஓவிய ஊடகமாக மாற்றினார். மெழுகு தடுத்த இடத்தில் சாயம் ஏறாது என்பதுதான் அடிப்படை. ஆகவே வெளிச்சமான நிறத்தை முதலில் முடிவு செய்து மெழுகால் காத்து, இருட்டை நோக்கிப் போக வேண்டும். எண்ணெய் ஓவியத்தில் இருப்பதுபோல் கடைசியில் வெள்ளைப் புள்ளி வைத்துத் திருத்த இங்கே இடமே இல்லை. திட்டமிடத் தெரியாதவர்களுக்குப் பாத்தேக்கைவிட நல்ல ஆசிரியர் கிடையாது.

முதலில் பருத்தித் துணியைக் கொதிநீரில் அலசிக் கஞ்சியைப் போக்க வேண்டும். கஞ்சி இருந்தால் மெழுகும் இறங்காது, சாயமும் பிடிக்காது. பாரஃபின் மட்டும் போட்டால் நொறுங்கி வெடிப்புக் கோடு விழும். தேன்மெழுகு சேர்த்தால் வளையும். டாமர் பிசின் சேர்த்தால் துணியோடு ஒட்டும். சாந்திங் என்னும் செம்புமுனைக் கருவியால் கோடு இழுத்தபின் துணியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பின்பக்கமும் அதே அளவு ஒளி ஊடுருவினால் மெழுகு இறங்கியிருக்கிறது. பின்பக்கம் வெளுத்து, முன்பக்கம் வெள்ளையாகப் படிந்து நின்றால் மெழுகு ஆறிப்போயிருந்தது என்று பொருள். சாயம் அடியால் கசிந்து பக்கத்து நிறத்தில் கலந்துவிடும். புகை வந்தால் சூடு மிதமிஞ்சிவிட்டது. மெழுகில் தீ பிடித்தால் ஒருபோதும் தண்ணீர் ஊற்றக்கூடாது. மூடியால் மூடிக் காற்றைத் தடுக்க வேண்டும். ரெமசோல் வகைச் சாயத்தைத் தீட்டிக் காய்ந்தபின் மேலே சோடியம் சிலிக்கேட் பூசி, ஓர் இரவு விட்டு, நன்கு அலசி, சோடா சாம்பல் போட்ட கொதிநீரில் மெழுகை நீக்குவார்கள். சாயம் பருத்தியோடு வேதிப்பிணைப்புக் கொள்ளக் காரத்தன்மை வேண்டும். சிலிக்கேட் தருவது அதைத்தான். அவசரப்பட்டு இரண்டு மணி நேரத்தில் அலசினால், அடர்த்தியாகப் போட்ட சிவப்பு வாளித் தண்ணீரோடு போய்விடும்.

எண்ணெய் ஓவியத்தில் மெலிந்த படலத்தின் மேல் கொழுத்த படலம் என்ற விதி போதும்: எண்ணெய் குறைந்த அடுக்கு கீழே, கூடிய அடுக்கு மேலே. மாறினால் மேலடுக்கு முதலில் இறுகி, அடியில் உள்ளது நகரும்போது வெடிக்கும். கேன்வாஸின் அடிப்பூச்சுக்குப் பழைய நூல்கள் சொல்லும் முயல்தோல் பசையை இங்கே தவிர்ப்பது நல்லது. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சி இளகும், வறண்டால் இறுகும், மேலே உள்ள வண்ணம் பிளக்கும். அதற்குப் பதில் அக்ரிலிக் ஜெஸ்ஸோ என்னும் வெள்ளை அடிப்பூச்சு மூன்று முறை, நடுவில் உப்புத்தாள் தேய்ப்பு. சிற்ப வகுப்பில் பிளாஸ்டரைத் தண்ணீரில் தூவ வேண்டும். பிளாஸ்டரில் தண்ணீரை ஊற்றினால் கட்டி கட்டியாகும். 100 பங்கு பிளாஸ்டருக்கு ஏறத்தாழ 70 பங்கு தண்ணீர், எடைக்கணக்கில். மிச்சத்தைக் கழுவுதொட்டியில் ஊற்றினால் குழாய் கல்லாகும்.

கோட்பாடு எதற்கு

கோட்பாட்டு வகுப்பின் முதல் வேலை வருணிப்பு. ஒரு படைப்பின் முன் அரை மணி நேரம் நின்று, அளவு, பொருள், கோடு, நிறம், இடம் ஆகியவற்றை மட்டும் எழுத வேண்டும். "அழகானது", "உணர்ச்சிகரமானது" போன்ற சொற்களுக்குத் தடை. கலை வரலாற்றாளர் எர்வின் பனோஃப்ஸ்கி வகுத்த மூன்று படிகள் இன்றும் தொடக்கத்துக்குப் பயன்படுகின்றன: கண்ணுக்குத் தெரிவது என்ன, அது எந்த மரபில் எதைக் குறிக்கிறது, இப்படி ஒன்று இந்தக் காலத்தில் இந்த இடத்தில் ஏன் தோன்றியது.

பினாங்குத் தலைநகர் ஜார்ஜ்டவுனின் ஆர்மீனியன் தெருவில் ஓவியர் எர்னஸ்ட் சக்கரேவிச் 2012 ஜார்ஜ்டவுன் விழாவுக்காக வரைந்த, சைக்கிளில் போகும் இரு பிள்ளைகளின் சுவரோவியத்தை இப்படிப் படிக்கலாம். சுவரில் வரைந்த உடல்கள், சுவரில் பொருத்திய நிஜ சைக்கிள். முதல் படி முடிந்தது. மூன்றாம் படிக்குப் போனால் 2008இல் நகருக்குக் கிடைத்த யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதியும், அதற்கு முன்பே வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு 2000 முதல் வாடகை உயர்ந்து பழைய குடியிருப்பாளர்கள் பலர் வெளியேறியதும் வந்து நிற்கும். பிள்ளைகள் குறைந்த தெருவில் பிள்ளைகளின் படம் வரிசையில் நின்று புகைப்படம் எடுக்கும் இடமாகிறது. இதைப் படித்தபின் சுவரில் வரையப் போகும் மாணவர் வேறு மாதிரி யோசிப்பார். கோட்பாட்டின் பயன் அவ்வளவு நேரடியானது.

நாட்டின் கலை வரலாறும் வெறும் தேதிகளாகப் படிக்கத் தக்கதல்ல. 1971 தேசியப் பண்பாட்டு மாநாடு, தேசியப் பண்பாட்டுக்கு இந்த வட்டாரத்தின் பூர்வீகப் பண்பாடே அடித்தளம், பிற பண்பாடுகளின் பொருத்தமான கூறுகளை ஏற்கலாம், இஸ்லாம் முக்கியக் கூறு என்று வரையறுத்தது. அதன் பிறகு இங்கே வரைந்த ஒவ்வொருவரும், ஏற்றோ மறுத்தோ, அந்த வரையறையின் முன்னால் வரைந்தார்கள். 1974இல் கலைஞர்கள் ரெட்சா பியதாசாவும் சுலைமான் ஈசாவும் கோலாலம்பூரில் மலாய் மொழி நிறுவனமான டேவான் பஹாசாவில் நடத்திய கண்காட்சியில் பறவை விடுவிக்கப்பட்ட வெற்றுக் கூண்டும் பாதி குடித்த கோக்கக்கோலா புட்டிகளும் வைக்கப்பட்டன. மேற்கத்தியப் பார்வையை விட்டு ஆசியச் சிந்தனையிலிருந்து கலையை அணுக முடியுமா என்பது அவர்களின் கேள்வி. பினாங்கில் பிறந்த ஓவியர் நிர்மலா தத் சண்முகலிங்கம் 1970களிலேயே செய்திப்படங்களையும் ஆவணங்களையும் கொண்டு சுற்றுச்சூழல் சீர்கேட்டையும் போரையும் பேசினார். பின்னர் வாயாங் கூலிட் என்னும் நிழற்பாவைக் கூத்தின் நிழலுருவங்களை உலக அரசியல் தலைவர்களைக் காட்டப் பயன்படுத்தினார். தமிழ் மாணவர்கள் அவரை முதலாண்டிலேயே தேடிப் படிக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. "நம் பண்பாட்டைக் காட்டுவது" என்றால் மயிலும் குத்துவிளக்கும்தான் என்ற எண்ணம் அவர் படைப்புகளின் முன் நிற்காது.

இரண்டும் சந்திக்கும் இடம்

ஸ்டூடியோவில் வாரந்தோறும் நடக்கும் கிரிட்டிக் வகுப்புதான் இந்தப் படிப்பின் நடுப்புள்ளி. படைப்பைச் சுவரில் மாட்டியபின் செய்தவர் பேசக்கூடாது. மற்றவர்கள் முதல் பத்து நிமிடம் கண்ணில் படுவதை மட்டும் சொல்வார்கள். அடுத்து கேள்விகள். கடைசியில்தான் செய்தவர் பேசுவார். முதலிலேயே விளக்கம் சொல்லிவிட்டால் எல்லாரும் விளக்கத்தைத்தான் பார்ப்பார்கள்; படைப்பு தானாக எதைச் சொல்கிறது, எதைச் சொல்லத் தவறியது என்பது தெரியாமலே போகும்.

ஒரு மாணவி தைப்பூசக் காவடியை அக்ரிலிக்கில் வரைந்து கொண்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அலகு, மயிலிறகு, கூட்டம், எல்லாம் துல்லியம். முதல் கேள்வி: எந்த இடத்திலிருந்து பார்த்தாய்? இணையத்தில் கிடைத்த புகைப்படத்திலிருந்து. அந்தப் புகைப்படம் யாருடைய பார்வை? சுற்றுலாப் பயணியுடையது. இங்கே கோட்பாடு உள்ளே வருகிறது. பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் ராபர்ட் ஸ்மித் 1810களில் வரைந்த பினாங்கு நிலக்காட்சிகள் மாநில அருங்காட்சியகத் தொகுப்பில் உள்ளன. குன்றிலிருந்து தீவை முழுதாக உரிமையோடு நோக்கும் கண் அவற்றில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்க்கும் அந்தப் பார்வைக்கு நீண்ட வரலாறு உண்டு என்று புரிந்தால், முருகன் கோயில் உள்ள பினாங்குத் தண்ணீர்மலை அடிவாரத்தில் வளர்ந்த பெண் ஏன் அதே கண்ணைக் கடன் வாங்க வேண்டும் என்ற கேள்வி தானாக எழும்.

அவர் திரும்பிப் போய்த் தண்ணீர்ப்பந்தலின் பின்பக்கத்தை வரையலாம்: பாத்திரம் கழுவும் கைகள், மோர்க் குவளைகள், விடியுமுன் மஞ்சள் துணி கட்டும் அத்தை. மஞ்சளில் தோய்த்த துணியையே ஓவியத் தளமாக்கலாம். உடனே பொருள் தன் விதியைச் சொல்லும். மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்கும். காரம் பட்டால் சிவக்கும், குங்குமம் செய்யும் அதே காரணத்தால். சுண்ணாம்பு பூசிய சுவரில் ஈரத்தோடு உரசினால் செந்திட்டுகள் தோன்றும். நிலைத்த ஓவியம் வேண்டுமென்றால் இது தோல்வி. நேர்த்திக்கடன் முடிந்ததும் கழற்றப்படும் துணியைப் பற்றிப் பேசுவதென்றால், வெளுப்பதே படைப்பின் பொருளாகும். எது வேண்டும் என்று முடிவு செய்ய வாசிப்பு வேண்டும். முடிவைச் செயலாக்கச் சோதனைத் துண்டுகள் வேண்டும். ஒரு துணியைப் பாதி மூடி ஜன்னலில் மாட்டி இரண்டு வாரம் விட்டு, தேதியிட்டுக் குறிப்பேட்டில் ஒட்டினால், அந்தப் பக்கம்தான் மதிப்பெண்ணைத் தூக்கும். முடிந்த படைப்பை மட்டும் கொடுத்துவிட்டு செயல்முறைப் பதிவைக் கடைசி இரவில் இட்டுக்கட்டுபவர்கள் எல்லாப் பக்கத்திலும் ஒரே பேனா மையால் பிடிபடுகிறார்கள்.

இறுதியாண்டு

இறுதியாண்டில் ஒரு படைப்புத் தொடரும் அதற்கான எழுத்தும் சேர்ந்து போகும். தலைப்பை அகலமாக வைப்பதுதான் பெரிய ஆபத்து. "மலேசிய இந்தியர்களின் அடையாளம்" என்று தொடங்கினால் எங்கும் போக முடியாது. "பினாங்குத் தெருவில் மாலை கட்டும் கைகளின் அசைவு" என்றால் அடுத்த நாள் காலையே வேலை தொடங்கலாம். இறப்பர் தோட்டத்தைத் தலைப்பாக எடுப்பவர்கள் சூரிய அஸ்தமனத்தின் முன் நிற்கும் அம்மாவை விட்டுவிட்டு, வீட்டில் உள்ள சம்பளச்சீட்டு, பால்வாளி, பழைய குடும்பப் படங்கள் ஆகியவற்றிலிருந்து தொடங்கட்டும்.

கண்காட்சியில் படங்களின் மையம் தரையிலிருந்து 145 முதல் 150 சென்டிமீட்டரில் ஒரே கோட்டில் வர வேண்டும்; மேல்விளிம்பைச் சமமாக வைத்தால் சிறிய படங்கள் மேலே போய்விடும். கேன்வாஸின் பின்மூலைகளில் சிறு தக்கை ஒட்டினால் சுவருக்கும் அதற்கும் இடையே காற்றோட்டம் கிடைக்கும், பூஞ்சை பிடிக்காது. சுவரில் ஒட்டும் உரை 150 சொல்லுக்குள் இருக்கட்டும். "என் படைப்பு மரபையும் நவீனத்தையும் இணைக்கிறது" என்ற வாக்கியம் எவருடைய படைப்புக்கும் பொருந்துவதால் எதையும் சொல்வதில்லை. "மஞ்சள் தோய்த்த 12 துணிகள், நாள்தோறும் மாலை வெயில் படும் ஜன்னலில் மாட்டப்பட்டவை, கண்காட்சி முடியும்போது வெவ்வேறு அளவில் வெளுத்திருக்கும்" என்றால் பார்வையாளர் எதைப் பார்க்க வேண்டும் என்று அறிவார். இறக்கிய பின் அக்ரிலிக் ஓவியங்களின் முகத்தில் குமிழ்த்தாளை நேரே சுற்றாதீர்கள். காரில் ஏறும் சூட்டில் பூச்சு இளகி, குமிழ்களின் வட்டத் தழும்பு நிரந்தரமாகப் பதிந்துவிடும். ஓவியத்தின் பின்பக்கத்தில் தலைப்பு, ஆண்டு, அளவு, பொருள் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிவிட்டு, சிலிக்கோன் பூசிய தாள் ஒன்றை இடையில் வைத்து, அதற்கு மேல் குமிழ்த்தாளைச் சுற்றி வண்டியில் ஏற்றுங்கள்.